தென்னை முடிந்து செம்மண் தொடங்கும் பாதை

இலங்கையில் பாலைவனம் இல்லை. அமெரிக்காவின் கிராண்ட் கன்யன் போன்ற ஆழ்பள்ளத்தாக்கும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. விடுமுறைக்கு வந்த அண்ணனையோ அக்காவையோ வானில் ஏற்றிக்கொண்டு சிலாபத்திலிருந்து வடக்கே புறப்படுகிறவர்களில் பலர், "இதைப் பார்க்கவா இவ்வளவு தூரம்?" என்று அலுத்துக்கொண்டு திரும்புகிறார்கள். பாதையில் குறை ஒன்றும் இல்லை. எதைப் பார்க்கிறோம் என்று தெரியாமல் போவதுதான் குறை. வறண்ட நிலத்துக்கு வேண்டிய அத்தனையும் இங்கே உண்டு. அடைமழைக்குப் பின் மாதக்கணக்கில் மழையே இராது. காற்று ஓயாது. உப்புப் பூத்த தரையும் நகரும் மணலும் சுண்ணாம்புக்கல்லும் துருச்சிவப்பு மண்ணும் சிலாபத்துக்கும் குதிரைமலை முனைக்கும் இடையில் ஒரே நாளில் காணக் கிடைக்கின்றன.

ரொறன்ரோவில் இருக்கும் என் அக்கா அரிசோனா, யூட்டா மாநிலங்களைக் கார் ஓட்டியே சுற்றிப் பார்த்தவர். போன முறை வந்திருந்தபோது இந்தப் பாதையில் அவரைக் கூட்டிப்போனேன். கீழே உள்ள விளக்கங்களில் பாதி, அவர் முன் இருக்கையில் இருந்து கேட்ட கேள்விகளுக்கு உரியவை. வழியில் எனக்குச் சரியாகச் சொல்ல வராதவற்றையும் இங்கே சேர்த்திருக்கிறேன்.

முதலில் மழை. சிலாபம் தென்னை முக்கோணத்தின் ஒரு மூலை. கொழும்பு, குருநாகல், சிலாபம் ஆகிய மூன்றையும் கோடிட்டு இணைத்தால் நாட்டின் தேங்காயில் பெரும்பகுதி அதற்குள் வந்துவிடும். அந்த மூலையைத் தாண்டி வடக்கே போகப் போகத் தென்னந்தோப்பு இடைவெளி விடத் தொடங்கும். பிறகு பனையும் முட்பற்றையும் தலைகாட்டும். மே முதல் செப்ரெம்பர் வரை வீசும் தென்மேற்குப் பருவக்காற்று மத்திய மலைகளின் மேற்குச் சரிவில் முட்டி மேலெழுந்து அங்கேயே கொட்டித் தீர்த்துவிடுகிறது. அந்தச் சரிவின் சில இடங்களில் ஆண்டுக்கு 5,000 மில்லிமீற்றரைத் தாண்டி மழை பெய்யும். புத்தளம் கரையில் அதே காற்றை மேலே தூக்கிவிட மலை ஏதும் இல்லை. ஈரத்தைச் சுமந்தபடியே அது கரையோரமாகக் கடந்து போய்விடும். போகும்போது தரையில் இருக்கும் ஈரத்தையும் உறிஞ்சிக்கொள்ளும்.

"அப்படியென்றால் இங்கே எவ்வளவு மழை?" என்பது அக்காவின் கேள்வி. புத்தளம், மன்னார் கரையில் ஆண்டுக்குச் சுமார் 1,000 மில்லிமீற்றர். அரிசோனாவின் பீனிக்ஸ் நகருக்குக் கிடைப்பது ஏறக்குறைய 200. பாலைவனம் என்று சொல்ல 250க்குக் கீழே போகவேண்டும். பசுமைக்குப் பெயர்போன லண்டனுக்கே சுமார் 600தான் கிடைக்கிறது. லண்டனைவிட அதிக மழை பெறும் இந்தக் கரை ஏன் ஓகஸ்ட்டில் எரிந்த காடுபோல நிற்கிறது? லண்டனில் அந்த மழை பன்னிரண்டு மாதமும் தூறலாக விழுகிறது; வெயிலும் குறைவு. இங்கே பெரும்பகுதி ஒக்டோபரிலிருந்து டிசெம்பருக்குள் கொட்டி முடிந்துவிடும். கொட்டியதும் மணலுக்குள்ளும் சுண்ணாம்புக்கல்லுக்குள்ளும் இறங்கிவிடும். மீந்ததை வெயிலும் காற்றும் எடுத்துக்கொள்ளும். ஆண்டின் முக்கால் பங்கு வறட்சி, கால் பங்கு வெள்ளம் என்பதுதான் இந்த மண்ணின் கணக்கு. மழைக்காலத்தில் வருகிறவருக்கு இந்தப் பாதையில் வேறொரு நாடு தெரியும்.

சிலாபத்தில் தெதுரு ஓயாப் பாலத்தைத் தாண்டி ஏ-3 வீதியில் வடக்கே போனால் புத்தளம் ஏறக்குறைய 50 கிலோமீற்றர். இடப்பக்கம் உடப்புக்குத் திரும்பும் வழி வரும். திரௌபதை அம்மன் கோயில் தீமிதிப்புக்குப் பேர்போன தமிழ் மீனவர் ஊர் அது. நேரம் இருந்தால் திரும்பிப் பாருங்கள். அதற்கும் முந்தல் களப்புக்கும் அக்கம்பக்கமாக வெறுந்தரைக் கட்டங்கள் பல தெரியும். வெள்ளை படிந்த அந்தக் குழிகள் இயற்கையானவை அல்ல. இறால் வளர்ப்புப் பெருகிய காலத்தில் வெட்டிய குளங்கள். 1996இல் வந்த வெண்புள்ளி நோய் இத்தொழிலைப் பலமாக அடித்தது; பல குளங்கள் கைவிடப்பட்டன. தேங்கிய உவர்நீர் வற்றி உப்பு மேலேறிய தரையில் இலேசில் எதுவும் முளைப்பதில்லை. வழியில் காணும் வறண்ட நிலத்தில் ஒரு பங்கு மனிதர் செய்தது என்பதை மறைக்காமல் சொல்லவேண்டும்.

இந்தப் பாதை பழையது. 1344இல் இலங்கைக்கு வந்த பயணி இபுன் பதூதா 'பத்தாலா' என்று எழுதிய புத்தளத்தில் இறங்கி, யாழ்ப்பாண அரசர் ஆரியச் சக்கரவர்த்தியைச் சந்தித்து, பிறகு தெற்கு நோக்கிச் சிவனொளிபாதமலைக்குப் போனார். வழியில் அவர் சொல்லும் 'பந்தர் சலாவாத்' சிலாபம்தான் என்பது ஆய்வாளர் கருத்து. நாம் போவது அவர் வந்த திசைக்கு எதிர்த்திசையில்.

பாலாவியை நெருங்கும்போது உப்பளங்கள். இங்கே வானை ஓரமாக நிறுத்திக் கொஞ்ச நேரம் செலவிடலாம். பாலைநிலத்தின் வேலையை இதைவிடத் தெளிவாகக் காட்டும் இடம் கிடையாது. களப்பு நீரை முதலில் பெரிய தேக்கங்களில் நிறுத்துகிறார்கள். அங்கிருந்து ஒவ்வொரு கட்டமாக, மேலும் மேலும் ஆழம் குறைந்த பாத்திகளுக்கு விடுகிறார்கள். நீர் சுண்டச் சுண்ட அதில் கரைந்திருப்பவை ஒவ்வொன்றாகப் பிரியும். முதலில் சுண்ணாம்பு, அடுத்து ஜிப்சம் அடியில் படியும். நீர் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காகச் சுருங்கும்போதுதான் நாம் சாப்பிடும் உப்பு பூக்கத் தொடங்கும். அதற்கும் பிறகு மிஞ்சும் நீரில் மக்னீசியம் உப்புகள் இருப்பதால் கசக்கும்; அதை வெளியே விட்டுவிடவேண்டும், இல்லையேல் உப்பும் கசந்துபோகும். பாத்தியில் உப்பு வாரும் நேரத்தில் ஒரு நாள் மழை தப்பிப் பெய்தாலே மாத உழைப்பு கரைந்துவிடும். ஊருக்கு மழை வேண்டும் என்று மற்ற எல்லோரும் நேர்ந்துகொள்ளும்போது உப்பளத்தார் மட்டும் வானத்தை வேறு கண்ணால் பார்ப்பார்கள்.

அக்காவுக்கு இது யூட்டாவின் பொன்னவில் உப்புவெளியை நினைவூட்டியதாம். அங்கே இதே வேலையை ஆள் இல்லாமல் இயற்கையே செய்தது. பனியுகத்தில் இருந்த பெரிய ஏரி ஒன்று வற்றிப்போய், கடலுக்கு வழியில்லாத பள்ளத்தில் உப்பை விட்டுச் சென்றது. கிரேட் சோல்ட் லேக் அந்த ஏரியின் மிச்சம்.

பாலாவிச் சந்தியில் இடப்பக்கம் திரும்பினால் கற்பிட்டிக் குடாநாடு. கடலோட்டம் கரையோரமாக மணலைத் தள்ளித் தள்ளி நீட்டிய நிலம் அது. களப்பைக் கடலிலிருந்து பிரித்து வைத்திருக்கிறது. மணல்மேடுகள், காற்றாலைகள், நுரைச்சோலையின் 900 மெகாவாற் நிலக்கரி மின்நிலையம், 17ஆம் நூற்றாண்டு ஒல்லாந்தர் கோட்டை என்று அதற்கே தனியாக ஒரு நாள் வேண்டும். ஒரே நாளில் குதிரைமலையும் பார்க்க நினைப்பவர்கள் இதைத் தவிர்ப்பது புத்தி. திரும்பாவிட்டாலும் புத்தளத்துக் கழுதைகளை வீதியிலேயே காணலாம். அராபிய வணிகர் கொண்டுவந்தவற்றின் வழி வந்தவை என்று ஊரில் சொல்வார்கள். கட்டிவைக்க ஆளில்லாமல் அவை பாட்டுக்குத் திரிகின்றன. கிராண்ட் கன்யனிலும் தங்கம் தேடி வந்தவர்கள் விட்டுப்போன கழுதைகள் பெருகிவிட, 1980ஐ ஒட்டிய ஆண்டுகளில் நூற்றுக்கணக்கில் ஹெலிகொப்டரில் தூக்கி அகற்றினார்கள். நம்முடையவற்றுக்கு அந்த யோகம் வாய்க்கவில்லை.

புத்தளத்துக்கு வடக்கே மண்ணுக்கடியில் இருப்பது சுண்ணாம்புக்கல். மயோசீன் காலத்தில், அதாவது சுமார் 230 இலட்சம் ஆண்டுகளுக்கும் 50 இலட்சம் ஆண்டுகளுக்கும் இடைப்பட்ட காலத்தில், ஆழமற்ற வெதுவெதுப்பான கடலில் சிப்பிகளும் கண்ணுக்குத் தெரியாத கடலுயிர்களின் ஓடுகளும் படிந்து இறுகிய பாறை. இங்கே தொடங்கி மன்னார் வழியாக யாழ்ப்பாணம் வரை போகிறது. நிலாவரைக் கிணறும் கீரிமலைக் கேணியும் இதே பாறையின் குடைவுகளே. அறுவைக்காட்டில் இதை வெட்டித்தான் புத்தளம் சீமெந்து ஆலைக்குக் கொண்டுபோகிறார்கள். அடுக்கடுக்காக, செங்குத்தாக வெட்டப்பட்ட சுவர்கள் நிற்கும் அந்தச் சுரங்கப் பள்ளம்தான் இந்த மாவட்டத்தில் கன்யனுக்கு மிக நெருங்கிய காட்சி. மனிதர் வெட்டியது, பொதுமக்கள் உள்ளே போக முடியாதது என்ற இரண்டு குறைகள் அதற்கு.

இன்னும் பழைய கல்லும் மாவட்டத்தில் உண்டு. அநுராதபுரம் வீதியில் தப்போவவிலும், சிலாபத்துக்கு உட்புறமாக ஆண்டிகம, பல்லம பகுதிகளிலும் ஜுராசிக் காலத்துப் படிவுப் பாறைகள் இருக்கின்றன. அவற்றில் பன்னங்களும் ஊசியிலை மரங்களும் பதிந்த புதைபடிவங்கள் கிடைத்திருக்கின்றன. யூட்டாவின் சயன் பள்ளத்தாக்கில் செங்குத்தாக நிற்கும் நவஹோ மணற்கல்லும் ஜுராசிக் காலத்து மணல்மேடுகள் இறுகியதுதான். அங்கே அது வானளாவ நிற்கிறது. நம்முடையது வயலுக்கும் காட்டுக்கும் கீழே கிடக்கிறது. கிணறு வெட்டுகிறவர் கண்டால் உண்டு.

இப்போது முக்கியமான கேள்வி. புத்தளத்திலிருந்து வண்ணாத்திவில்லு வழியாக எலுவாங்குளம் போனால் கலா ஓயாவின் சப்பாத்துப் பாலம் வரும். 148 கிலோமீற்றர் ஓடிவந்த ஆறு, முழங்கால் அளவு நீரோடு, மருத மரங்களுக்கு நடுவே போகும். அக்கா பாலத்தில் நின்று பார்த்துவிட்டு, "கன்யன் காட்டுறேன் என்றுதானே கூட்டிவந்தாய்? இந்த ஆறு ஒரு முழம்கூட நிலத்தைக் குடையவில்லையே" என்றார். ஏன் குடையவில்லை?

ஓர் ஆறு கடல் மட்டத்துக்குக் கீழே வெட்டிக்கொண்டு போகாது. ஆகவே எவ்வளவு ஆழமான பள்ளம் வேண்டுமோ அவ்வளவு உயரத்தில் நிலம் இருக்கவேண்டும். கிராண்ட் கன்யனின் தென் விளிம்பு கடல் மட்டத்திலிருந்து 2,000 மீற்றருக்கும் மேலே இருக்கிறது. பூமிக்கடியில் நடந்த அசைவுகளால் கொலராடோ மேட்டுநிலம் முழுவதும் அந்த உயரத்துக்கு எழுந்தது. அரிவாள்மனையில் கத்தி நின்ற இடத்திலேயே நிற்க, நாம் காயைத்தான் அதன்மேல் அழுத்துகிறோம். ஏறக்குறைய அதுபோல, எழுந்த நிலத்தை ஆறு தன் இடத்திலிருந்தபடியே அறுத்தது. கடந்த 50, 60 இலட்சம் ஆண்டுகளில் நடந்த வேலை இது என்பது பரவலான கணிப்பு. பள்ளத்தின் நீளம் 446 கிலோமீற்றர், ஆழம் சில இடங்களில் 1,800 மீற்றருக்கு மேல். கலா ஓயா எலுவாங்குளத்துக்கு வரும்போது அதற்கும் கடலுக்கும் இடையில் சில மீற்றர் இறக்கமே மிச்சம். அறுப்பதற்கு உயரமே இல்லை.

இன்னொரு காரணமும் உண்டு. கொலராடோ ஆற்றின் நீர் பாலைவனத்து மழையால் வந்தது அல்ல. தொலைவில் உள்ள ரொக்கி மலைகளின் பனி உருகி வருவது. அதனால் ஆறு கீழே பலமாக அறுக்கும். மழை குறைவானதால் பள்ளத்தின் சுவர்கள் கரைந்து சரியாமல் செங்குத்தாக நிற்கும். அடி வெட்டும் ஆறும் சுவரைக் கரைக்காத வானமும் சேர்ந்தால்தான் கன்யன். நம் நாட்டில் உயரமும் ஆறும் இருக்கும் மலைநாட்டில் கொட்டுகிற மழை, சுவர்களை அரித்துச் சாய்வான பள்ளத்தாக்குகளாக்கிவிடுகிறது. வறட்சி இருக்கும் வடமேற்கில் உயரம் இல்லை. போதாக்குறைக்கு இங்கே அடியில் சுண்ணாம்புக்கல். மழைநீர் மேலே ஓடாமல் கீழே இறங்கிவிடும். வில்பத்துக் காட்டுக்குள் 'வில்லு' என்று சொல்லும் ஆழமற்ற இயற்கைக் குளங்கள் இந்தத் தரையின் தாழ்ந்த பள்ளங்களில் மழைநீர் தேங்குவதால் உண்டானவை. நீர் வந்துசேரப் பெரிய ஆறும் இல்லை, வெளியேற வழியும் இல்லை, சில உவர்ப்பானவை. ஆறு அறுத்த பள்ளத்தைக் கண்ணால் பார்த்தே ஆகவேண்டும் என்பவர்களுக்கு ஆந்திராவின் கடப்பை மாவட்டத்தில் கண்டிக்கோட்டை இருக்கிறது. பெண்ணாறு எர்ரமலைக் குன்றுகளை அறுத்துப்போன சிவந்த பள்ளம் அது. சென்னையிலிருந்து காரில் ஒரு பகல் தூரம்.

கலா ஓயாவைத் தாண்டினால் வில்பத்து. 1938இல் தேசியப் பூங்காவாக்கப்பட்ட, 1,300 சதுர கிலோமீற்றருக்கும் மேற்பட்ட காடு. மேற்கு எல்லை கடல். அந்தக் கரையில்தான் குதிரைமலை முனை. பெயரில் மலை என்று இருப்பதை நம்பி நிமிர்ந்து பார்க்க வேண்டாம். கடலை நோக்கி உடைந்து நிற்கும் செம்மண் கரை அது. மழை அரித்த சிறு ஓடைகள் அதன் முகத்தில் கோடுகளாக இறங்கும். மேலே நின்று பார்த்தால் சிவப்பு, அதன் கீழே மஞ்சள் கலந்த மணல், அதற்கப்பால் நீலம். இந்த நிறங்களைக் கண்டதும் அக்காவின் குறை பாதி தீர்ந்தது. அரிசோனாவின் சிவப்பும் இந்தச் சிவப்பும் ஒரே பொருளால் ஆனவை. மணலின் ஒவ்வொரு துணிக்கை மேலும் மெல்லிய படலமாகப் படிந்த இரும்பு ஒட்சைட்டு. இரும்பு சிறிதளவுதான் இருக்கும். ஆனால் காற்றுப்பட்டு உலர்ந்து நின்றால் அது போதும். கிராண்ட் கன்யனில் 'சிவப்புச் சுவர்' என்று பெயர் பெற்ற சுண்ணாம்புக்கல் அடுக்கு உண்மையில் சாம்பல் நிறம். மேலிருந்து மழையில் வழிந்த இரும்புக் கறைதான் அதைச் சிவப்பாக்கியது. இதைச் சொன்னபோது அக்கா தன் கைத்தொலைபேசியில் இருந்த படங்களைத் திரும்பப் பார்த்தார்.

இந்தச் செம்மண் அடுக்குக்கு நில ஆய்வாளர் இட்ட பெயர் இரணைமடுப் படிவம். வறண்ட கரையோரத்தில் காற்று கொண்டுவந்து சேர்த்த மணல், அடியில் கூழாங்கல். அந்தக் கூழாங்கல் அடுக்குகளில் கற்காலக் கருவிகள் கிடைக்கின்றன. தென்கரையில் பூந்தலப் பகுதியில் இதே படிவத்தின் ஓர் அடுக்குக்கு ஏறக்குறைய 1,25,000 ஆண்டு வயது கணித்திருக்கிறார்கள். மன்னார் வளைகுடாவுக்கு அக்கரையில், திருச்செந்தூர், சாத்தான்குளம் பக்கத்துத் தேரிக்காடும் இதே வகைச் சிவப்பு மணல்தான். அங்கேயும் சிறு கற்கருவிகள் கிடைத்தன. ஆய்வாளர்கள் சொய்னரும் ஓல்ச்சினும் 1956இல் அவற்றைப் பற்றி எழுதினார்கள். பனியுகத்தின் உச்சத்தில் கடல் இன்றைவிடச் சுமார் 120 மீற்றர் தாழ்ந்திருந்ததால் இரு கரைகளும் இன்றைக்குப் போலப் பிரிந்து இருக்கவில்லை. குதிரைமலைக்குச் சற்றுத் தெற்கே, வில்பத்துக்குள் இருக்கும் பொம்பரிப்பில் தாழிப் புதைகாடு கண்டெடுக்கப்பட்டது. அத் தாழிகளை ஆதிச்சநல்லூரோடு ஒப்பிடுவது வழக்கம்.

வரலாற்றாசிரியர் சிலர், ரோமானிய பிளினி எழுதிய 'ஹிப்புரோஸ்' துறைமுகம் இந்த முனைதான் என்பர். அன்னியஸ் புளோகாமஸ் என்பவரின் விடுதலை பெற்ற அடிமை ஒருவர் அரேபியக் கரையோரம் போனபோது காற்றில் அகப்பட்டு 15ஆம் நாள் அங்கே வந்து சேர்ந்தாராம். விஜயன் இறங்கிய தம்பபண்ணி இதுவே என்று சொல்வோரும் உண்டு. அல்லியரசாணி கோட்டை கட்டியது இங்கே என்று சொல்வோரும் உண்டு. செம்மண்ணைத் தவிர மற்றதற்குச் சாட்சி குறைவு.

போகிறவர்களுக்குச் சில காரியங்கள். பெப்ரவரிக்கும் செப்ரெம்பருக்கும் இடையில் போங்கள். மாரியில் சப்பாத்துப் பாலம் மூழ்கிவிடும். எரிபொருளைப் புத்தளத்திலேயே நிரப்புங்கள். வானைப் புத்தளத்திலோ எலுவாங்குளத்திலோ விட்டுவிட்டு ஜீப் பிடியுங்கள், காட்டுப் பாதை மணலும் குழியுமாக இருக்கும். பூங்கா காலை 6 முதல் மாலை 6 வரை. குறிக்கப்பட்ட இடங்களைத் தவிர ஜீப்பை விட்டு இறங்கக்கூடாது என்பதால் பெரும்பாலான நேரம் உட்கார்ந்தேதான் இருக்கவேண்டும். பேசாமலும் வரக்கூடிய கூடப்பிறந்தவர் இதற்கு நல்ல துணை. யார் ஓட்டுவது, ஏசி போடுவதா கண்ணாடி திறப்பதா என்ற வழக்கைச் சிலாபத்திலேயே முடித்துவிடுங்கள். எங்களுக்குள் அது முந்தல் வரை நீண்டது. தண்ணீரை ஆளுக்கு இவ்வளவு என்று தனித்தனிப் போத்தலாகக் கொண்டுபோனால் இன்னொரு வழக்கும் மிச்சம்.

காட்டுக்குள்ளேயே வடக்கே போய் மறிச்சுக்கட்டி, சிலாவத்துறை வழியாக மன்னாருக்கு ஏறும் பழைய வீதி ஒன்று உண்டு. முத்துக்குளிப்புக் காலத்தில் பெரும் கூட்டம் கூடிய கரை அது. பின்னாளில் எழுத்தாளரான லியோனார்ட் வுல்ஃப் 1906இல் முத்துக்குளிப்பு அதிகாரிகளில் ஒருவராக இருந்தது மறிச்சுக்கட்டியில்தான். பூங்காவைக் குறுக்கே கடப்பதால் அந்த வீதி நீண்டகாலமாக வழக்குக்கு உள்ளானது. திறந்திருக்கும் என்று எண்ணிப் புறப்படாதீர்கள். மன்னார்ப் பக்கத்தையும் பார்க்க வேண்டுமென்றால் அநுராதபுரம் வழியாகச் சுற்றி, இன்னொரு நாளில் அரிப்புக்குப் போகலாம். ஆளுநர் பிரெடரிக் நோர்த் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டிய மாளிகையின் இடிபாடு அங்கே கடலோர மேட்டில் நிற்கிறது. அலை அடியை அரிப்பதால் ஏற்கெனவே ஒரு பகுதி சரிந்து விழுந்துவிட்டது. சுவர் ஓரமாகப் போய் நின்று படம் எடுக்க வேண்டாம்.